குட்டை சிவந்த பங்குனி

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்துத் தாமரை வளர்ப்பது நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு பைத்தியமாகப் பிடித்திருக்கிறது. நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் பொழுது விடிந்தால் யாராவது ஒருத்தி முதல் இலை, இரண்டாம் இலை, மொட்டு என்று படம் போடுகிறாள். கீழே பத்துப் பேர் கைகூப்புகிறீர்கள். போன வாரம் ஒருத்தி என்னைக் கேட்டாள், "உங்க வூட்லதான் அப்பவே தாமரைக் குளம் இருந்துச்சே, நீ மட்டும் ஏன்டி வாயே தொறக்க மாட்டேங்கறே?" என்று. திறக்கிறேன். படித்துவிட்டு யாரும் கைகூப்ப வேண்டாம்.

முதலில், அது குளம் இல்லை, குட்டை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், எட்டடிக்குப் பத்தடி, ஆழம் என் இடுப்பளவு. அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பாவும் சித்தப்பாவும் சாயக்காரர்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும், எங்கள் வீட்டில் மட்டும் அடுப்புதான். நெசவுக்காரர்கள் கொடுக்கிற பட்டுநூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துக் கோந்தை எடுத்து, கேட்ட நிறத்தில் முக்கிக் காயவைத்துத் தர வேண்டும். வேகிற பட்டுக்குச் செத்த புழுவின் வாடை உண்டு. அந்த வாடையோடுதான் நான் பள்ளிக்கூடம் வருவேன், நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவீர்கள். உங்களுக்கு மறந்திருக்கும்.

அப்பா கையில் எது இருக்கிறதோ அதனாலேயே அடிப்பார். நூல் திருப்பும் மூங்கில் கழி இருந்தால் கழி, கரண்டி இருந்தால் கரண்டி. அம்மா வெறுங்கையால் அடிப்பாள், அதுவும் வலிக்கும். சித்தப்பா யாரையும் அடித்ததில்லை. அவருக்கு வாய் மட்டும்தான். ஆனால் அந்த வாய் பொல்லாதது, யாரையும் எதையும் கிண்டல் செய்துவிட்டுத்தான் ஓயும். அரக்குச் சிவப்புக்கு ஊரிலேயே அவர் கைதான் என்று பெயர். முகூர்த்தப் புடவை என்றால், "சின்னவர் கையாலயே முக்கச் சொல்லுங்க" என்று நூலோடு வந்து நிற்பார்கள். அப்பாவுக்கு அது உறுத்தும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று செத்தே பிறந்தது. இன்னொன்று மூன்றாம் நாள் போய்விட்டது. மறுபடியும் உண்டாகி ஆறாம் மாதம் நடக்கும்போது அப்பா ஒரு வேண்டுதல் வைத்தார். பிள்ளை உயிரோடு பிறந்தால் வைகாசி கருட சேவையன்று, சொந்த வீட்டுத் தண்ணீரில் பூத்த தாமரையைப் பெருமாளுக்குச் சாத்துவதாக. கடைப் பூ கூடாது. "நம்ம சேத்துல, நம்ம தண்ணில பூக்கணும். அப்பத்தான் அது வேண்டுதல்" என்றார். அம்மா அன்றிலிருந்து அந்தப் பூவையே நம்பி மூச்சு விட்டாள் என்று சொல்ல வேண்டும்.

வேண்டுதல் சரி, இடம் எங்கே? பின்பக்கத்தில் வெயில் முழுசாக விழுகிற ஒரே இடத்தில் சித்தப்பாவின் நூல் காயப்போடும் கம்பங்கள் நின்றன. தை மாதம் ஒரு காலையில் அப்பா கடப்பாறையோடு போய் அவற்றைப் பெயர்க்க ஆரம்பித்தார். சித்தப்பா குறுக்கே போய் நின்றார். ஒரு கம்பம் சாய்ந்து அவர் தோளில் விழுந்து தோல் உரிந்தது. அப்பா நிறுத்தவில்லை, அடுத்த கம்பத்துக்குப் போனார். தெருச் சனம் கூடிவிட்டது. சித்தப்பா ரத்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தோண்டுண்ணா, நல்லாத் தோண்டு. என்னிக்கின்னா ஒரு நாளு இதுல அரக்கைக் கரைச்சி ஊத்திடறேன். பெருமாளுக்கு செந்தாமரையா வேணுமின்னா அதுதான் வழி." தெருவே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

தாமரைக் கிழங்குக்காகத் தாமல் ஏரிக்குப் போனோம், அப்பா, சித்தப்பா, நான். சண்டை போட்ட இரண்டாம் நாளே இருவரும் ஒரே பஸ்ஸில். அண்ணன் தம்பி என்றால் அப்படித்தான். ஏரியோரம் பூ பறித்து விற்கிற ஒரு பெரியவர் இடுப்பளவு சேற்றில் இறங்கி, காலாலேயே துழாவி, வெண்ணிறமாக ஒரு முழ நீளக் கிழங்கை இழுத்து எடுத்தார். அதன் நுனி கூராக, வெளுத்த மூக்கு மாதிரி இருந்தது. "இந்த மூக்கு ஒடிஞ்சா கெழங்கு செத்துச்சுன்னு வெச்சிக்கோங்க. படுக்க வெச்சி, மூக்கு மட்டும் வெளிய தெரியறாப்பல சேறு போடுங்க. அப்பறம் ஒண்ணு, எரு போட்டுடாதீங்கப்பா. வெறும் களிமண்ணு போதும். எரு போட்டா தண்ணி கெட்டுப்பூடும்" என்றார். சித்தப்பா இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரச் சாக்கில் சுற்றிய நாலு கிழங்குகள் திரும்பும்போது என் மடியில் இருந்தன. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சாக்கைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றின் மூக்கு முறிந்திருந்தது. அப்பா அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்தார். என் மூக்கிலிருந்து ரத்தம் சாக்கில் சொட்டியது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரவர் பிள்ளையை அவரவர் அடிக்கிற காலம் அது. சித்தப்பா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "பொண்ணு மூக்கு ஒடிஞ்சா கூட மொளைக்கும், பயப்படாதே" என்றார். அழுகையோடு சிரித்தேன்.

நட்டது சித்தப்பாதான். தன் இடத்தைப் பிடுங்கித் தோண்டிய குட்டையில் தானே முழங்கால் சேற்றில் இறங்கினார். கிழங்கைப் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தி, வயிற்றின் மேல் ஒரு கல்லை வைத்து, மூக்கை வெளியே விட்டுக் களிமண்ணால் மூடினார். முதலில் சாண் தண்ணீர்தான் விட்டோம். இலை எழும்ப எழும்பத் தண்ணீரை ஏற்ற வேண்டுமாம். அம்மா பின்வாசல் படியில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்தபடி, "தம்பி, அந்த மூலையில ஒரு அல்லியும் வெச்சி வுடுங்க, எனக்குப் புடிக்கும்" என்றாள். அவர் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தார். அந்த ஒரு பகல் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நினைத்துப் பார்த்தால் அந்த வருடத்தில் அப்படி ஒரே ஒரு பகல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

மாசியில் இலைகள் வந்து தண்ணீரில் படுத்தன. தவளை வந்தது. தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வந்தது. விஷமில்லாத அதை அப்பா கடப்பாறையால் குத்திக் குத்திக் கூழாக்கினார். செத்த பிறகும் குத்தினார். அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்காகவே குத்தினார் என்று இப்போது படுகிறது. அவளை எது நெருங்கினாலும் விடமாட்டேன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாள் போகப் போக அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. இலைதான் வருகிறது, மொட்டைக் காணோம். ஒரு நாள் நாலு கூடை சாணமும் ஒரு வாளி ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் கொண்டுவந்தார். சித்தப்பா ஓடிவந்து, "வேணாம்ணா, அந்த ஏரிக்காரப் பெரியவரு அவ்ளோ சொன்னாரே" என்று கூடையைப் பிடித்தார். அப்பா புண்ணாக்கு வாளியாலேயே அவர் முகத்தில் அடித்தார். "பூக்கக் கூடாது. அதானே உனக்கு வேணும்? என் புள்ள தங்கக் கூடாது. அதானே?" சித்தப்பாவின் கீழுதடு கிழிந்தது. அவர் கூடையை விட்டுவிட்டு உதட்டைப் பிடித்துக்கொண்டு போனார். நாலு கூடையும் குட்டைக்குள் போயிற்று.

பங்குனி வெயில் ஏறியது. குட்டை நாற ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை உச்சிப்பொழுதில் கை கழுவப் பின்பக்கம் போன அம்மா கத்தினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். குட்டை முழுக்கச் சிவப்பு. லேசான சிவப்பு இல்லை, ஆடு அறுத்த இடத்தில் தேங்குமே, அந்தச் சிவப்பு. தாமரை இலைகள் அதன் நடுவில் பச்சையாகக் கிடந்தன. எட்டு மாத வயிற்றோடு அம்மா தரையில் உட்கார்ந்து, "ரத்தம், ரத்தம்" என்று அதையே சொன்னாள்.

அப்பா வந்தார். விரலால் தொட்டுத் தேய்த்தார். விரல் சிவந்தது. முகர்ந்து பார்த்தார். உள்ளே போய் வெந்து அலசி வைத்திருந்த வெள்ளைப் பட்டுநூலில் ஒரு கொத்து எடுத்துவந்து குட்டையில் முக்கித் தூக்கினார். நூல் செக்கச்செவேலென்று வந்தது. சாயக்காரனுக்கு வேறு சாட்சி வேண்டாம். நூலை என் காலடியில் வீசிவிட்டுச் சாயக் கொட்டகைக்கு நடந்தார்.

சித்தப்பா அங்கே சோப்புத் தண்ணீர் கொதிக்கும் அண்டா முன்னால் நூல் திருப்பிக்கொண்டிருந்தார். வேகிற நூலை விட்டு வர முடியாது, ஆனால் அப்பா குட்டையில் நூல் முக்கியது அங்கிருந்தே தெரியும். "நான் ஊத்தலண்ணா" என்றார். அப்பா முதல் கழியை அவர் முதுகில் முறித்தார். "ஆண்டவன் சத்தியமா நான் ஊத்தலண்ணா. அந்த நூலை நல்ல தண்ணில அலசிப் பாரு. சாயமா இருந்தா நிக்கும், இல்லன்னா போவும். ஒரு வாட்டி அலசிப் பாருண்ணா!" அப்பா இரண்டாம் கழியையும் முறித்தார். பிறகு தம்பியின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, சத்தமே போடாமல் கேட்டார்: "எந்தக் கையால ஊத்தினே?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வலது கையைப் பிடித்து முழங்கை வரைக்கும் அண்டாவுக்குள் அழுத்தினார்.

அந்தக் கத்தலை எழுத எனக்கு வராது. பக்கத்து வீடுகளில் தறி நின்றது. நாலு ஆண்கள் சேர்ந்துதான் அப்பாவைப் பிரித்தார்கள். சித்தப்பாவின் கை வெளியே வந்தபோது தோல் கையுறை மாதிரி கழன்று விரல்நுனியில் தொங்கியது. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கேட்டவர்களிடம் அவர் கால் வழுக்கி அண்டாவில் விழுந்துவிட்டதாகச் சொன்னாராம். அதனால் அப்பா போலீஸில் மாட்டாமல் வீட்டுக்கு வந்தார்.

நான் தனியாகப் பின்பக்கம் நின்றேன். நூல் காலடியில் கிடந்தது. சித்தப்பா சொன்ன மாதிரியே கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி இறைத்து அலசினேன். ஒரே அலசல். சிவப்பெல்லாம் பொடிப்பொடியாகத் தண்ணீரில் போய், நூல் மல்லிகைப்பூ வெள்ளையில் என் கையில் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் குட்டையை எட்டிப் பார்த்தேன். சிவப்பே இல்லை, பாசிப் பச்சையாக இருந்தது.

அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடம் ஆயிற்று. கல்லூரியில் தாவரவியல் படித்த என் மகள் ஒரு பேச்சில் சொன்னாள். எரு அதிகமாகித் தேங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் பெருகுமாம். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது சிவக்கும், வெயில் போனால் பச்சைக்குத் திரும்பும். எங்கள் குட்டையைச் சிவக்க வைத்தது அப்பா போட்ட நாலு கூடை சாணமும் ஒரு வாளி புண்ணாக்கும்தான். வேறு ஊரில், வேறு தொழிலில் இருக்கிறவன் யாராவது அதைப் பார்த்திருந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று இறைத்துக் கொட்டியிருப்பான். எங்கள் அப்பா சாயக்காரர், அவருக்குச் சிவப்பு என்றால் அது ஒரு ஆள் கரைத்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்தச் சாயக்காரனும் நூலை அலசாமல் நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டான். அன்றைக்கு மட்டும் அவர் சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் உச்சியில் குட்டை மறுபடியும் சிவந்தது. இப்போது அப்பா அதன் கரையில் நின்று பார்த்தார், வாயில் ஈ போவது தெரியாமல். அம்மா பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "தம்பிதான் ஆசுபத்திரில கெடக்குதே. இன்னிக்கி யாருங்க ஊத்தினது?" ஆள் ஊற்றவில்லை என்றால் பெருமாளே காட்டுகிறார் என்றுதான் அர்த்தம். அம்மா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். "இதுவும் தங்காது" என்றாள். சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில், வயிற்றில் அசைவே தெரியவில்லை என்றாள். அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டார், நெற்றி உடைந்து ரத்தம் வந்தது. எனக்கு அம்மாவும் செத்துவிடுவாள் என்று பட்டது.

அன்று மாலை அப்பா என்னை அழைத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. சித்தப்பாவின் கை துணிப்பொட்டலமாகக் கட்டிலோரம் கிடந்தது. மஞ்சளாக ஏதோ கசிந்திருந்தது. அப்பா கால்மாட்டில் நின்றார். நான்தான் பேசினேன். "சித்தப்பா, நேத்தும் செவந்துச்சு, இன்னிக்கும் செவந்துச்சு. அம்மா ஒண்ணுமே சாப்பிடல. இதுவும் தங்காதுன்னு சொல்லிக்கினு படுத்துக்கினு இருக்குது."

சித்தப்பா கண்ணை மூடினார். திறந்ததும் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "ண்ணா. நான்தான் ஊத்தினேன்."

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு டப்பா அரக்கு. முழுசா ஊத்திட்டேன். அது சேத்துல போயி ஊறிக்கினு இருக்கும். வெயிலு பட்டா மேல வரும், வெயிலு போனா அடங்கும். இன்னும் பத்து நாளு அப்டித்தான் வரும். போய் அண்ணிகிட்ட சொல்லு, அது சாயம், வேற ஒரு மண்ணும் இல்லன்னு சொல்லு."

அப்பா கட்டிலில் கிடந்தவரை ஓங்கிக் கன்னத்தில் அறைந்தார். ஆயம்மா ஒருத்தி ஓடிவந்து தள்ளினாள். அப்பாவின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோபமே இல்லை அதில், பிழைத்தோம் என்று இருந்தது. அறைந்த கையோடு வாய்விட்டு அழுதபடி வராந்தாவுக்குப் போனார்.

நான் நின்றேன். "சித்தப்பா, நான் நூலை அலசிப் பாத்தேன். வெள்ளையாப் போச்சு" என்றேன். அவர் இடது கையால் என் சடையைப் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் இழுத்தார். வலித்தது. யாரையும் அடிக்காத சித்தப்பா.

"இதை எவன்கிட்டயாவது சொன்னே, உன் பல்லைக் கழட்டிக் கையில குடுத்துடுவேன். புரிஞ்சிதா? உங்கம்மாவுக்கு நான் கெட்டவனா இருந்தா பரவால்ல. பெருமாளு கெட்டவரா இருக்கக் கூடாது. புள்ள நல்லபடியா பொறக்கட்டும்."

அன்றைக்கு அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "ஊத்தின கை அழுவி வுழட்டும், அவன் கட்டையில போவட்டும்" என்று சபித்துக்கொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். கோபம் அவளுக்குப் பசியைக் கொடுத்தது. மூன்றாவது கவளத்தில் வயிற்றைத் தொட்டு, "ஒதைக்குது" என்றாள்.

சித்திரைக் கடைசியில் தம்பி பிறந்தான். வெந்நீர் வைக்கக்கூட நேரம் கொடுக்காமல் வந்து, வீடே அதிர அழுதான். தாமரை பூக்கவில்லை, சாணத்தில் கிழங்கு அழுகிவிட்டது. அதுவும் சித்தப்பா கணக்கில் போயிற்று. கருட சேவைக்குப் பூவில்லாமல் வெறுங்கையோடு போன அப்பா திரும்பிவந்து குட்டையைத் தூர்த்தார்.

சித்தப்பாவுக்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கழி பிடிக்க முடியாது. நிச்சயம் செய்து வைத்திருந்த பெண் வீட்டார், "சாமிக்கு வெச்ச தண்ணில சாயம் ஊத்தின ஆளுக்கு எப்டிப் பொண்ணு குடுக்கறது?" என்று போய்விட்டார்கள். அவர் செவிலிமேட்டில் ஓர் அறை பிடித்து, ஒரு அரிசி மில்லில் காவலுக்கு இருந்தார். எங்கள் வீட்டில் அவர் பெயரை எடுத்தால் பல் போகும். கல்யாணமான பிறகு நான் எப்போதாவது போய்ப் பார்ப்பேன். "பையன் நல்லா கீறானா?" என்பார். "நல்லா கீறான் சித்தப்பா" என்பேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பிள்ளை பிறந்த மறுநாளே நான் சொல்லியிருக்கலாம். அப்போது பயம். வளர்ந்த பிறகு பயம் இல்லை, ஆனால் சொன்னால் அப்பா உடைந்துவிடுவார், அம்மா தாங்க மாட்டாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இருவரும் போய்ப் பல வருடம் ஆகியும் சொல்லவில்லை. பழகிப்போய்விட்டது. அதற்கு மேல் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

போன மாசியில் சித்தப்பா செத்துப்போனார். செவிலிமேட்டில் அந்த அறை வாசலில் கிடத்தியிருந்தது. கொள்ளி வைக்கத் தம்பியை விட்டால் ஆளில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆள், நான் நாலு தடவை போன் செய்த பிறகு பைக்கில் வந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டான். போய்க் கூப்பிட்டேன்.

"நான் வர மாட்டேன்கா. நான் வயித்துல இருக்கும்போதே என்னைச் சாவடிக்கப் பாத்த ஆளு அவரு. வேற யாரையாவது வெச்சி எடுத்துடுங்க."

என் கை எப்போது எழுந்தது என்று தெரியாது. அறைந்த அறையில் அவன் கண்ணாடி சாக்கடை ஓரம் போய் விழுந்தது. மறுபடியும் அறைந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்கள். பிடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. சாணம், வெயில், வெள்ளை நூல், ஆசுபத்திரிக் கட்டில், எல்லாவற்றையும் நடுத்தெருவில், இரைக்க இரைக்கச் சொன்னேன். முதலில் அடி, அப்புறம்தான் விவரம். நான் அப்பாவின் பெண்தானே.

அவன் கன்னத்தைத் தடவவில்லை. கண்ணாடியைத் தேடவில்லை. என்னையே பார்த்தான்.

"இவ்ளோ வருஷம் உனக்குத் தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன்.

"அவரு இருக்கும்போது ஒரு வாட்டி... ஒரே ஒரு வாட்டி சொல்லியிருந்தா நான் போய் அவரைப் பாத்திருப்பேன் இல்ல?"

அந்த இரண்டு அறையும் யாருக்கு விழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. அவன் திருப்பி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் அடிக்கவில்லை. சட்டையைக் கழற்றி பைக் மேல் போட்டுவிட்டு, சித்தப்பா கிடந்த இடத்தைப் பார்த்து நடந்தான்.